“பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல”: தூதர்களின் கீழ்ப்படிதல் மனப்பூர்வமானதா?

மாலைவாசிப்பு எழுதியது:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். எங்கள் வேதபாடக் குழுவில் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை வாரத்துக்கு ஒரு விண்ணப்பமாக எடுத்துத் தியானித்து வருகிறோம். “உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக” என்ற விண்ணப்பம் என் பங்குக்கு வந்திருக்கிறது. நினைவு தெரிந்த நாள்முதல் சொல்லி வருகிற வசனம்தான் இது. ஆயினும் பாடம் நடத்துவதற்காகக் குறிப்பெழுத உட்கார்ந்தபோதுதான் அதிலுள்ள “போல” என்ற சிறு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது.

பரமண்டலத்தில் தேவசித்தத்தைச் செய்கிறவர்கள் யார் என்று கேட்டால், தூதர்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் அதை எவ்விதமாகச் செய்கிறார்கள் என்று அறியாமல், அதுபோல இங்கும் ஆகட்டும் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சிறுவயதில் எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம், மனுஷனுக்கு மட்டுமே சுயசித்தம் உண்டு, தூதர்கள் ஏவினதைச் செய்யும்படி படைக்கப்பட்டவர்கள் என்பது. அது சரியானால், எங்களையும் சித்தமற்ற கருவிகளாக்கிவிடும் என்றல்லவா இந்த ஜெபத்தில் விண்ணப்பிக்கிறோம்? ஆனால் பவுல், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்கிறார். பேதுருவோ, மந்தையைக் கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாய் மேய்க்கச் சொல்லுகிறார். பூமியில் மனப்பூர்வத்தைக் கேட்கிற தேவன், பரலோகத்தில் மனப்பூர்வமில்லாத ஊழியத்தை மாதிரியாக வைத்திருப்பாரா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவை நான் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போய் நின்ற வாரங்கள் பல உண்டு. ஆகையால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடக்குறிப்பு அன்று. வேதவசன ஆதாரத்தோடு விளக்குவீர்களானால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

பெரோயா வாசகர் எழுதியது:

சகோதரரே, தூதர்களுக்குச் சித்தம் இல்லை என்ற விளக்கம் பரவலாக வழங்கினாலும், வேதத்தின் ஒரு வசனமும் அதற்கு ஆதாரமாக நிற்பதில்லை. மறுக்கவே இயலாத ஒருவன் பாவஞ்செய்யவும் இயலாது. பேதுருவின் இரண்டாம் நிருபமோ “பாவஞ்செய்த தூதர்களை”ப் பற்றிப் பேசுகிறது. யூதா தம்முடைய நிருபத்தில் அவர்களைத் “தங்களுடைய ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாமல், தங்களுக்குரிய வாசஸ்தலத்தை விட்டுவிட்ட” தூதர்கள் என்கிறார். இந்த வாக்கியத்தின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். காத்துக்கொள்ளாமையும் விட்டுவிடுதலும் ஒருவன் தானே செய்கிற செயல்கள். சிலர் விட்டுப்போனார்கள் என்றால், மற்றவர்கள் விட்டுப்போகாமல் நின்றார்கள் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நின்றவர்களின் மனநிலையை அறிய 103-ஆம் சங்கீதம் நல்ல தொடக்கம். அங்கே தூதர்கள் “பலத்த சவுரியவான்கள்” என்று அழைக்கப்படுகிறார்கள். அதே மூச்சில், அவர்கள் தேவனுடைய வார்த்தையைக் கேட்டு அதன்படி செய்கிறவர்கள் என்றும் சொல்லப்படுகிறது. வேறு வழியற்ற பலவீனர் பணிகிற பணிவாகச் சங்கீதக்காரன் இதைக் காட்டவில்லை. அடுத்த வசனம் அவர்களைக் கர்த்தருக்குப் “பிரியமானதைச்” செய்கிறவர்கள் என்கிறது. எபிரெயத்தில் அங்குள்ள சொல் சித்தம், விருப்பம், மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் தழுவியது. கட்டளை என்ற வறண்ட சொல்லை அவன் அவ்விடத்தில் தேர்ந்துகொள்ளவில்லை.

அவர்களுக்குச் சொந்த ஆசைகள் இருந்தன என்பதற்கும் சாட்சிகள் உண்டு. பூமிக்கு அஸ்திபாரம் போடப்பட்டபோது தேவபுத்திரர் கெம்பீரித்தார்கள் என்று யோபு 38-ஆம் அதிகாரம் சொல்கிறது. கெம்பீரிக்கும்படி யாரும் அவர்களுக்கு உத்தரவிட்டதாக இல்லை. சுவிசேஷத்தின் காரியங்களை உற்றுப்பார்க்கத் தூதர்கள் ஆசையாயிருக்கிறார்கள் என்று பேதுரு எழுதுகிறார். இவற்றைக் காட்டிலும் என்னை வியக்கவைப்பது சகரியா முதலாம் அதிகாரம். அங்கே கர்த்தருடைய தூதன், 70 வருஷம் கோபத்துக்குள்ளாகியிருந்த எருசலேமுக்காகக் கர்த்தரிடத்திலேயே பரிந்து பேசி, “எந்தமட்டும் இரங்காதிருப்பீர்” என்று கேட்கிறான். செய்தியைச் சுமந்துவர நியமிக்கப்பட்டவன், அந்தச் செய்தி யாருக்கு உரியதோ அவர்களுடைய வேதனையையும் சுமந்து நிற்கிறான். கர்த்தரும் அவனைக் கடிந்துகொள்ளாமல் ஆறுதலான வார்த்தைகளையே மறுமொழியாகச் சொன்னார்.

ஏசாயா 6-ஆம் அதிகாரத்தை எல்லாரும் அறிவோம். ஆனாலும் அதில் கடந்துபோய்விடுகிற ஒரு நுட்பம் உண்டு. “ஐயோ, அதமானேன்” என்று ஏசாயா கதறின உடனே, சிங்காசனத்தைச் சூழ நிற்கிற தூதர்களாகிய சேராபீன்களில் ஒருவன் பலிபீடத்திலிருந்து குறட்டால் ஒரு நெருப்புத்தழலை எடுத்துக்கொண்டு அவனிடத்தில் பறந்து வருகிறான். போ என்று கர்த்தர் சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை. சொல்லியிருக்கலாம், எழுதாமல் விடப்பட்டிருக்கலாம். ஆனால் வாசிக்கிறவனுக்குத் தோன்றுவது, எஜமானுடைய மனதை அறிந்த ஊழியக்காரன் சொல்லுக்குக் காத்திராமல் எழுந்த காட்சிதான். அதற்குப் பின்புதான் “யாரை நான் அனுப்புவேன், யார் நமது காரியமாய்ப் போவான்” என்ற சத்தம் வருகிறது. ஆறு செட்டைகளுள்ளவர்கள் சூழ நிற்கிற அந்தச் சபையில், இதோ அடியேன் என்று சொன்னவன் உதடுகள் இப்போதுதான் சுத்திகரிக்கப்பட்ட ஒரு மனுஷன். சேராபீன்கள் ஏன் பேசாதிருந்தார்கள் என்று வசனம் விளக்கவில்லை. மனமில்லாமல் அல்ல என்பதுமட்டும் நிச்சயம்.

எளிய ஊழியன் எழுதியது:

நல்ல விளக்கம். ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். தூதர்களின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது ஏசாயா 14-ஐயும் எசேக்கியேல் 28-ஐயும் உடனே எடுத்துவிடுகிறோம். அவை நேரடியாகப் பாபிலோன் ராஜாவுக்கும் தீருவின் அதிபதிக்கும் ராஜாவுக்கும் விரோதமான வாக்குகள். பண்டைய சபைப் பிதாக்கள் காலத்திலிருந்தே அவற்றைச் சாத்தானுக்கும் பொருத்தி வாசித்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பாடம் நடத்தும்போது எது வசனம், எது பொருத்தம் என்று பிரித்துச் சொல்வது நல்லது. பெரோயா வாசகர் அவற்றைத் தொடாமல் யூதாவையும் பேதுருவையும் எடுத்துக்கொண்டது எனக்குத் திருப்தியளித்தது.

தூதர்களைப் பற்றி எழுதப்படாதவற்றை ஆராய வேண்டாம் என்று சபைச் சீர்திருத்தவாதியான கால்வின் கண்டிப்பாக எச்சரித்ததும் நினைவுக்கு வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் ஒரு தூதனுடைய பாதத்தில் விழுந்தபோது அந்தத் தூதன் சொன்ன பதிலே போதும் என்பது என் எண்ணம்: “நானும் ஒரு ஊழியக்காரன், தேவனைத் தொழுதுகொள்.” தன்மேல் விழுந்த பார்வையை உடனே தேவனிடத்துக்குத் திருப்பிவிட்டான். அதற்கு மேல் அவர்கள் உள்ளத்தைத் துருவுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

மாலைவாசிப்பு எழுதியது:

இருவருக்கும் நன்றி. சேராபீனைப் பற்றிய குறிப்பு என் கண்ணைத் திறந்தது. எளிய ஊழியன் ஐயா மன்னிக்க வேண்டும். துருவாமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் என் குழுவிலுள்ளவர்கள் நிச்சயம் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். ஆதியில் சிலர் விழுந்தார்கள், சிலர் நின்றார்கள் என்பது சரி. இப்போது நிற்கிறவர்கள் இனி விழுவார்களா? விழமாட்டார்கள் என்றுதானே சபை காலங்காலமாக நம்பி வருகிறது? அப்படியானால் ஆதியில் ஒருமுறை மட்டும் அவர்களுக்குத் தெரிவு இருந்தது, அதற்குப் பின் இல்லை என்றாகிறது. மறுக்க முடியாத நிலையில் செய்யப்படுகிற ஊழியத்தை மனப்பூர்வம் என்று எப்படிச் சொல்வது? என் முதற்கேள்வி சற்றுத் தள்ளிப்போய் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறது.

இறையியல் மாணவன் எழுதியது:

கேள்வி மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்பதற்குக் காரணம், மறுக்க முடிந்தால்தான் மனப்பூர்வம் என்று நாம் முதலிலேயே எடுத்துக்கொண்டு தொடங்குவதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தொடக்கத்தை முதன்முதலில் நன்றாக அசைத்துப் பார்த்தவர்களில் பண்டைய சபைப் பிதாவாகிய அகுஸ்தீன் ஒருவர். 413 முதல் 426 வரை அவர் எழுதிய தேவநகரம் என்ற நூலின் கடைசிப் பகுதியில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். முதல் மனுஷனுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்தரம் பாவஞ்செய்யாதிருக்க முடிந்த சுதந்தரம். பரிசுத்தவான்களுக்கு முடிவில் கொடுக்கப்படுவதோ பாவஞ்செய்யவே முடியாத சுதந்தரம். இரண்டாவதுதான் பெரியது என்பது அவர் வாதம். உடனே எழுகிற ஆட்சேபத்துக்கும் அவரே பதில் வைத்திருக்கிறார். தேவனால் பாவஞ்செய்ய முடியாது. அதனால் தேவனுக்குச் சுயசித்தம் இல்லை என்று சொல்வோமா?

இதை எனக்குப் புரியவைத்தது மொழி. ஒரு மொழியைப் புதிதாகப் பயில்கிறவனுக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் பிழை செய்யப் பத்து வழிகள் திறந்திருக்கின்றன. தாய்மொழியாகப் பேசுகிறவனுக்கு அந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டுப்போனவை. எழுவாயையும் பயனிலையையும் பொருந்தாமல் பேசு என்று சொன்னாலும் அவன் நாக்கு திணறும். இவ்விருவரில் அம்மொழியில் சுதந்தரமாகப் பேசுகிறவன் யார்? பிழை செய்யும் வாய்ப்பு அதிகமுள்ளவன் என்று யாரும் சொல்லமாட்டோம். உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது. மொழி பழக்கத்தால் வருகிறது. தூதர்களின் உறுதி எதனால் வந்தது என்பதைச் சபையின் ஆசிரியர்கள் வேறுவிதமாக விளக்குகிறார்கள்.

13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் கொடுத்த விளக்கம், மத்தேயு 18:10-இல் ஆண்டவர் சொன்னதோடு இசைந்து நிற்பது: சிறியரில் ஒருவனையும் அற்பமாய் எண்ணாதேயுங்கள், அவர்களுக்குரிய தூதர்கள் “என் பரமபிதாவின் சமுகத்தை எப்போதும் தரிசிக்கிறார்கள்”. சித்தம் எப்போதும் நன்மையென்று கண்டதையே நாடுகிறது. நாம் பாவஞ்செய்வதும் ஏதோ ஒரு நன்மையின் சாயலைக் கண்டு ஏமாந்துதான். சகல நன்மைக்கும் ஊற்றானவரையே முகமுகமாய்த் தரிசிக்கிறவனுக்கு, அவரைவிட்டுத் திரும்புவதற்கு ஒரு காரணமும் மிச்சமிருப்பதில்லை. கதவு பூட்டப்பட்டதால் உள்ளே இருப்பவன் ஒருவன். வெளியே போக எதுவும் இழுக்காததால் உள்ளே இருப்பவன் இன்னொருவன். பாவஞ்செய்ய முடியாத தூதர்களிடத்தில் நம்மைக் காட்டிலும் அதிகமான சுதந்தரம் இருக்கிறது என்றே அக்குவினாஸ் முடிக்கிறார்.

அப்படித் தரிசித்தவர்கள் எப்படி விழுந்தார்கள் என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்பார். விழுந்தவர்கள் அந்தப் பூரண தரிசனத்தை அடையுமுன்னே விழுந்தார்கள் என்பது அக்குவினாஸ் தரும் பதில். அவர்களுக்குப் பின்பு மனந்திரும்புதல் இல்லை என்பதற்கு, 8-ஆம் நூற்றாண்டின் தமஸ்கு யோவான் ஒரு ஒப்புமை சொன்னார்: மனுஷருக்கு மரணம் எப்படியோ, தூதர்களுக்கு வீழ்ச்சி அப்படி. கால்வினைப் பின்பற்றும் சீர்திருத்த மரபினர் இதே உறுதியைத் தேவனுடைய தெரிந்தெடுப்பின் கிருபையோடு இணைப்பார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபத்தில் “தெரிந்துகொள்ளப்பட்ட தூதர்” என்ற சொல் வருகிறதல்லவா? வழிகள் வேறாயினும், விருப்பமில்லாமல் நிற்கிறார்கள் என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

பழைய கத்தோலிக்கத் தமிழில் தூதனைச் சம்மனசு என்றார்கள். நல்ல மனம் என்று பொருள்படும்படி அமைந்த அந்தச் சொல் வழக்கொழிந்து வருவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. தூதன் என்பது தொழிலைச் சொல்கிறது. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் அப்படித்தான். மனுஷர் அனுப்புகிற ஆளுக்கும் அதே சொல்தான். சம்மனசு என்பதோ அந்தத் தொழிலைச் செய்கிறவனுடைய உள்ளத்தைச் சொல்லிவிடுகிறது.

சூரைச்செடி நிழல் எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லாரும் கேள்வியின் முதற்பாதிக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். “பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக” என்று சகோதரர் எழுதிய வரியை ஒருவரும் தொடவில்லை. நானும் அந்தப் பட்டியலில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

தூதர்களின் ஊழியம் என்றவுடன் சிங்காசனமும் செட்டைகளும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் வேதத்தில் அவர்கள் செய்கிற வேலைகளில் பல மிகச் சிறியவை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவிடம் அனுப்பப்பட்டவன் கொண்டுவந்தது தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். எலியா தின்று குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். ஒரு கண்டனமும் இல்லை, ஓர் உபதேசமும் இல்லை. சிறையிலிருந்த பேதுருவிடம் வந்தவனோ அரைக்கச்சையைக் கட்டு, பாதரட்சைகளைத் தொடுத்துக்கொள் என்று சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி வெளியே அழைத்துவந்து, ஒரு வீதி நெடுக நடந்து, நன்றி சொல்லக்கூட நேரம் கொடாமல் போய்விடுகிறான். கொர்நேலியுவிடம் வந்த தூதன் சுவிசேஷத்தைத் தானே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், யோப்பாவிலிருக்கிற பேதுருவை அழைப்பி என்று மட்டும் சொன்னான். அந்த மேன்மையான வேலை அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. அதைக்குறித்து அவன் குறைப்பட்டதாகவும் இல்லை.

செய்யாமலிருக்கிற ஊழியமும் ஒன்று உண்டு. பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதரைப் பிதா தமக்கு அனுப்புவார் என்று ஆண்டவர் கைதுசெய்யப்பட்டபோது சொன்னார். ரோமச் சேனையில் ஒரு லேகியோன் ஏறத்தாழ 5,000 முதல் 6,000 பேர் கொண்டது. 60,000-க்குக் குறையாத ஒரு சேனை அன்றிரவு அழைக்கப்படாமல் நின்றது. தங்கள் ஆண்டவர் கட்டப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறந்து போவதைவிட இது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

என் முக்கியமான கருத்தும் அவர் கைதுசெய்யப்பட்ட அந்தக் கெத்செமனே தோட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டாந்தரம் ஜெபித்தபோது ஆண்டவர் சொன்னதைத் தமிழ் வேதாகமம் “உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது” என்று தருகிறது. மத்தேயுவின் கிரேக்கத்தில் அது, ஆண்டவர் கற்பித்த ஜெபத்திலுள்ள “உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக” என்பதேதான். சொல்லுக்குச் சொல் ஒன்று. தாம் கற்பித்த மூன்றாம் விண்ணப்பத்தை அவரே முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடாதா என்று கேட்ட அதே வாயால் ஜெபித்தார். அவருடைய வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்ததென்று லூக்கா சொல்கிறார். அந்நேரத்தில் ஒரு தூதன் தோன்றி அவரைப் பலப்படுத்தினான் என்கிற வசனமும் அங்கேயே வருகிறது. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இவ்விரு வசனங்களும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பரமண்டலத்தில் அந்தச் சித்தம் தரிசனத்தின் மகிழ்ச்சியோடு செய்யப்படுகிறது. பூமியில் அதே சித்தம் முதன்முதலாக முழுமையாகச் செய்யப்பட்ட இடத்திலோ துக்கமும் வியாகுலமும் இருந்தன. அதை மனப்பூர்வமற்ற கீழ்ப்படிதல் என்று நாம் சொல்லத் துணிவோமா? சகோதரரே, மனமில்லாமல் போய் நின்ற வாரங்கள் என்று நீங்கள் கணக்கெழுதியிருப்பவற்றில் எத்தனை உண்மையிலேயே மனமில்லாதவை, எத்தனை களைத்துப்போனவை என்று பிரித்துப் பாருங்கள். தேவன் அனுப்பின இடத்துக்குப் போக மனமில்லாமல் யோனா தர்ஷீசுக்குக் கப்பலேறினது வேறு, எலியா செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டது வேறு. முன்னவனுக்குப் பெருங்காற்று வந்தது. பின்னவனுக்கு அடை வந்தது.

எளிய ஊழியன் எழுதியது:

துருவ வேண்டாம் என்று சொன்னவன் நான். அந்தக் கிரேக்க ஒற்றுமையை இப்போதுதான் திறந்து பார்த்தேன்; சகோதரி சொன்னபடியே இருக்கிறது. என் எச்சரிக்கையில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மாலைவாசிப்பு எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பாடத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சுயசித்தம் உண்டா இல்லையா என்று தொடங்குவதாக இருந்த முதற்பக்கத்தை நீக்கிவிட்டு, சேராபீன் குறட்டோடு பறந்துவருகிற இடத்திலிருந்து தொடங்கி, கெத்செமனேயில் நிறுத்தப் போகிறேன். அகுஸ்தீனின் வேறுபாட்டையும் மொழி உவமையையும் யாராவது கேட்டால் மட்டும் எடுப்பேன்.

ஒரே ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாப் யுத்தத்தில் விழும்படி அவனுக்குப் போதனை செய்கிறவன் யார் என்று கர்த்தர் கேட்க, ஒருவன் இப்படியும் ஒருவன் அப்படியும் சொன்னதாகவும், கடைசியில் ஓர் ஆவி தானே முன்வந்ததாகவும் தீர்க்கதரிசியாகிய மிகாயா 1 இராஜாக்கள் 22-இல் சொல்லுகிறான். தானே முன்வருகிற ஊழியத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. ஆனால் அவன் முன்வந்ததோ பொய்யின் ஆவியாயிருப்பதற்கு. இதைப் பாடத்தில் சேர்ப்பதா விடுவதா என்று தெரியவில்லை.

பெரோயா வாசகர் எழுதியது:

இந்த வாரம் விட்டுவிடுங்கள். அந்தப் பொய்யைக் கர்த்தர் மிகாயாவின் வாயால் ஆகாபுக்கு முன்கூட்டியே வெளிப்படுத்திவிட்டார் என்பதிலிருந்து தொடங்க வேண்டிய பகுதி அது. அதற்கே ஒரு முழு மாலை வேண்டும். தனித்திரி தொடங்குங்கள், வருகிறேன்.